சென்னியப்பன் நரம்பாக வீடு வந்த கதை

நொச்சிக்காட்டுவலசில் தோல் தடித்த மனுஷன் யாரென்று கேட்டால், எருமைகூட எழுந்து நின்று சென்னியப்பனுக்கு இடம் விடும். வாய்க்கால் தண்ணியைத் தன் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டு, பக்கத்துத் தோட்டக்காரன் மண்ணை வாரித் தூற்றிச் சபித்தபோது, “இன்னுங் கொஞ்சம் இந்தப் பக்கமாத் தூத்துடா, வரப்பு ஒசரட்டும்” என்று சொன்ன ஆள். கூடப் பிறந்த அக்காள் பங்கு கேட்டு வாசலில் உட்கார்ந்து பொழுதெல்லாம் அழுதபோது, “அழுது முடிச்சதும் வாசலைக் கூட்டிட்டுப் போ” என்று சொன்ன ஆள். பெற்ற மகள் சசிரேகா, தன் தோட்டத்திலேயே பண்ணையத்துக்கு இருந்த காலனிக் குடும்பத்துப் பையனைக் கட்டிக்கொண்டு மாலையும் கழுத்துமாக வந்து நின்றபோது, தலையில் ஒரு சொம்புத் தண்ணியை ஊற்றிக்கொண்டு, “எனக்கு மகளே பொறக்கல” என்று அறிவித்துவிட்டு, துண்டால் தலையைத் துவட்டியபடியே சோற்றுக்கு உட்கார்ந்த ஆள். அன்றைக்கு மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார் என்பதை ஊர் இன்னும் மறக்கவில்லை. கடவுள் எல்லாருக்கும் நரம்பு வைத்துத்தான் படைக்கிறான், இவருக்கு மட்டும் வைக்க மறந்துவிட்டான் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

அந்த நினைப்பில்தான் மண் விழுந்தது.

முதலில் அவர் செத்த பிறகு எங்கே போனார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சாவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் கட்சிக்காரர்கள் தலைவர் பிறந்தநாளுக்கு மேடை போட்டார்கள். மேடையில் எதிர்க்கோஷ்டி மயில்சாமி மைக்கைப் பிடித்து, தன் காலத்துக்குப் பிறகு இரண்டு கண்ணையும் தானம் தருவதாகச் சொன்னதும் கைதட்டல் தகரப் பந்தலைப் பிய்த்துக்கொண்டு போனது. சென்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய் மைக்கைப் பிடுங்கி, “அவன் கண்ணைக் குடுத்தா நான் முழு ஒடம்பையும் குடுக்கறேன்” என்று முழங்கினார், அவருக்கு இரண்டு சால்வை விழுந்தது. உயிரோடு இருந்தவரைக்கும் ஒருத்தருக்கும் ஒரு செம்பு மோர் கொடுக்காத மனுஷன் செத்த பிறகு முழுசாகப் போய்ச் சேர்ந்தது பெரிய ஊரில் இருக்கிற தனியார் மருத்துவக் கல்லூரிக்கு. அங்கே படிக்கிற பிள்ளைகள் ஒரு வருசத்துக்குமேல் உட்கார்ந்து, அவர் தோலை உரித்து, சதையை ஒதுக்கி, எலும்பைக் கழற்றி, மூளையையும் கண்ணையும் தண்டுவடத்தையும் அதிலிருந்து கிளம்புகிற நரம்புகளையும் நுனி அறாமல் பிரித்தெடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்களாம். இதெல்லாம் பிறகு எங்களுக்குத் தெரிந்தது.

எங்களுக்கு முதலில் தெரிந்தது இதுதான். ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலையில் அவர் சம்சாரம் தெய்வாத்தாள் வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்தால், முன்கட்டு ஆசாரத்தில் சென்னியப்பனின் கயிற்றுக் கட்டிலில் தலையணைமேல் ஒரு மூளையும், மூளையோடு ஒட்டிய இரண்டு கண்ணும், அதற்குக் கீழே வெள்ளை நூலாகக் கையும் காலும் விரலும் பிரிந்து, ஆள் மல்லாந்து படுத்த வாக்கிலேயே ஒரு மனுஷன் அளவுக்கு நரம்பு படுத்திருந்தது. எப்படி வந்தது, யார் கொண்டுவந்து போட்டது என்று கேட்காதீர்கள். வீட்டுக்காரர் வீட்டுக்கு வருவதற்கு ஊர் முழுக்கக் காரணம் சொல்லிக்கொண்டா திரிய முடியும்? வலது காலின் நரம்பு மட்டும் விட்டுவிட்டு ஆடிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் உட்கார்ந்தாலும் படுத்தாலும் அந்தக் காலை ஆட்டாமல் இருந்ததில்லை. தெய்வாத்தாள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, “வந்துட்டீங்களா” என்றாள். அடுப்பைப் பற்ற வைக்கப் போய்விட்டாள்.

ஊர் கூடிவிட்டது. பயந்து ஓடியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? எங்கள் ஊரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்! வந்தவர்கள் எல்லாம், “அட, மாமன் இளைச்சுப் போயிட்டாரே” என்றார்கள். மாலை போட்டுச் சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒரு பேச்சு வந்தது. அதைவிடப் பெரிய பேச்சு பொம்பளைகள் மத்தியில் கிளம்பியது. தெய்வாத்தாள் இப்போது தாலி அறுத்தவளா, தாலி உள்ளவளா? கருமாதி அன்றைக்கு அவள் வளையலை உடைத்த அதே கைகள் இப்போது அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தன. நரம்பு இருந்தால் புருஷனா, சதை இருந்தால்தான் புருஷனா என்று மத்தியானம் வரைக்கும் பேசி, கடைசியில் பூ வைத்துக்கொள்ளலாம், பொட்டு வேண்டாம், நல்ல காரியத்துக்கு முன்னால் வரக்கூடாது, பின்னால் வந்து நிற்கலாம் என்று தீர்த்து வைத்தார்கள். தெய்வாத்தாள் பூவையும் வாங்கவில்லை. “இப்பத்தான் தலை லேசா இருக்குது, உடுங்க” என்றாள்.

அவளுக்கு வேண்டியது வேறு. மகள் சசிரேகா இந்த வீட்டு வாசப்படி ஏறி, உள்ளே உட்கார்ந்து, தன் கையால் ஒரு வாய் சோறு சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். புருஷன் உயிரோடு இருந்தபோது கேட்டாள், அந்தச் சொல் அவர் தோலைத் தாண்டி உள்ளே போகவே இல்லை. செத்த பிறகு மகன் பூபதியிடம் கேட்டாள். “அப்பா சொன்ன சொல்லை நான் மாத்தினா அவரு ஆத்மா எப்படிம்மா சாந்தியாகும்?” என்றான். மகளே இல்லையென்றால் மகளுக்குப் பங்கும் இல்லையல்லவா, அதனால் பூபதிக்கு அப்பாமேல் பக்தி அவர் செத்த பிறகு வளர்ந்துகொண்டே போனது. இப்போது அப்பாவே வந்து படுத்திருக்கிறார். கேட்டுவிடலாம் என்றால் கேட்கிற நரம்பு இருக்கிறது, பதில் சொல்ல வாய் இல்லை.

கேட்கிறது மட்டுமல்ல, வாசமும் பார்வையும்கூட எட்டுகிறது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. தெய்வாத்தாள் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கித் தாளித்தாள் என்றால் மூளைக்கு அடியில் ஏதோ நுனி சிலிர்க்கும். அமாவாசைக்கு அவருக்கென்று வைத்த படையலை அவர் கண் முன்னாலேயே காக்காய் கொத்தித் தின்றபோது வயிற்றுப் பக்கத்து நரம்பெல்லாம் சுருண்டு சுருண்டு விரிந்தது. ஒரு நாள் பக்கத்துத் தோட்டக்காரன் வந்து, கட்டிலருகே நின்று, பழைய வாய்க்கால் சங்கதியைப் பேச்சுவாக்கில் எடுத்தான். அவ்வளவுதான்! உச்சியிலிருந்து கால்நுனி வரைக்கும் அந்த மனுஷன் கிடந்து துடித்த துடிப்பைப் பார்க்க வேண்டுமே! தோல் போனதும் எல்லாம் உறைக்கிறது என்று ஊருக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் கேட்கவா வேண்டும்? குனிந்த தலை நிமிராமல் அவரைக் கடந்து போனவர்கள் எல்லாம் குளித்து முழுகி, தலை வாரி, வரிசையில் வந்து நின்று, இத்தனை வருசம் நாக்குக்கு அடியில் வைத்திருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து அவர்மேல் போட்டார்கள். பங்கு கேட்டு அழுத அந்த அக்காள் கிழவி மட்டும் பேச்சே இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள், அதற்குத்தான் அவர் மிக அதிகமாகத் துடித்தார். நம் சனங்களுக்கு அது எத்தனை நாளைக்குப் போதும்? அழுகை சலித்துப் போனது, வேடிக்கை ஆரம்பித்தது. விளக்குமாற்றுக் குச்சியால் தொட்டுப் பார்ப்பதும், காது இருந்த பக்கம் போய் மயில்சாமி பெயரைச் சொல்லிவிட்டு ஓடுவதும், வெளியூர்ச் சொந்தங்களைக் கூட்டிவந்து காட்டுவதுமாக அந்த ஆசாரம் தேர்க்கடை போலானது. ஒரு மனுஷனுக்கு வலிக்கிறது என்று தெரிந்தால் விட்டுவிடுவார்கள் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ!

அப்போதுதான் அங்கப்பன் பூசாரி உள்ளே வந்தார். எங்கள் பக்கம் கல்யாணம், காட்சி, கிணறு வெட்டு எதுவானாலும் கோயிலில் பூக் கேட்கிற வழக்கம் உண்டு. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால், “ஆத்தாளுக்குக் காது சரியாக் கேக்கல” என்று மறுபடி போடுவார்கள், வெள்ளை வருகிற வரைக்கும் போடுவார்கள். அம்மனுக்கே அலுத்துப்போன வேலை அது. பூசாரி கட்டிலருகே உட்கார்ந்து, கண்ணை மூடி, தோட்டக்காரன் நாச்சிமுத்து தண்ணிக்குப் போர் போடலாமா என்று சத்தமாகக் கேட்டார். வலக்கை நரம்பு துடித்தது. அந்த நேரத்தில் அங்கே ஒரு ஈயும் உட்கார்ந்திருந்தது. ஆனால் ஈ சொன்ன வாக்கு என்று யார் எடுத்துக்கொள்வார்கள்? “வலக்கை துடிச்சா சம்மதம், எடக்கை துடிச்சா வேண்டாம்” என்று பூசாரி முழங்க, அன்றிலிருந்து ஊரே கேட்டது. எருமையை விற்கலாமா, மருமகளை அழைக்கலாமா, மயில்சாமிக்கு ஓட்டுப் போடலாமா? கடைசிக் கேள்விக்கு மட்டும் ரெண்டு கையும் துடித்தது. உயிரோடு இருந்தபோது எவனுக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்லாத சென்னியப்பன், வாயில்லாமல் ஆனதும் வாக்குச் சித்தர் ஆகிவிட்டார். ஊரே அவர் சொல்லுக்கு நின்றது. பூபதி வாசலில் பந்தல் போட்டான்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் மருத்துவக் கல்லூரி வேன் வந்து நின்றது. இறங்கியவர் உடற்கூறியல் பேராசிரியை டாக்டர் ரெஜினா, பின்னால் பத்துப் பதினைந்து பிள்ளைகள், வெள்ளைக் கோட்டும் வேர்வையுமாக. கல்லூரிக்கு மேலதிகாரிகள் சோதனைக்கு வரப்போகிறார்கள், கண்ணாடிப் பெட்டி காலியாக இருக்கிறது, முறைப்படி தானம் தந்த உடம்பு, எடுத்துப்போக வந்திருக்கிறோம் என்றார். “சாமியை வேன்ல ஏத்தறதா?” என்று சனம் சக்கரத்துக்கு முன்னால் படுத்துக்கொண்டது. டாக்டரம்மா கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்தார். பிறகு, பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கிவிட்டது, வந்தது வந்தோம், பாடத்தையாவது ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுப் போவோம் என்று கட்டிலைச் சுற்றிப் பிள்ளைகளை நிறுத்தினார். ஊரும் பின்னால் நின்றது. ஓசியில் கிடைக்கிற எதையும் நாங்கள் விட்டதில்லை.

“நரம்பு மண்டலத்துல எத்தனை பிரிவு?” என்றார் டாக்டரம்மா.

“ரெண்டு மேடம். மூளையும் தண்டுவடமும் மத்திய நரம்பு மண்டலம். அதுலேர்ந்து உடம்பெல்லாம் போறது புற நரம்பு மண்டலம்” என்றாள் ஒரு பெண்.

“புற நரம்போட வேலை?”

“சேதி கொண்டு வர்றது உணர்வு நரம்பு, உத்தரவு கொண்டு போறது இயக்க நரம்பு மேடம்.”

“வர்ற பஸ்ஸு, போற பஸ்ஸு” என்று எங்களுக்கு விளக்கினார் டீக்கடை ராக்கியண்ணன்.

“சூடான பாத்திரத்தைத் தொட்டா என்ன ஆகும்?”

“மூளைக்குச் சேதி போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே தண்டுவடம் கையை இழுக்கச் சொல்லிடும் மேடம். அனிச்சைச் செயல்.”

“நம்ம பஞ்சாயத்து ஆபீசு மாதிரியேதான்” என்றார் ராக்கியண்ணன். “தலைவருக்குத் தெரியறதுக்குள்ள கிளார்க்கு முடிச்சுப்போடுவாரு.”

இது வரைக்கும் சிரிப்பாகத்தான் போனது. அடுத்த கேள்விக்குத்தான் ஊர் தீப்பிடித்தது. வலக்கைக்கு உத்தரவு எங்கிருந்து வருகிறது என்று டாக்டரம்மா கேட்க, ஒரு பையன் மூளைக்கு அடியில் தண்டு தொடங்கும் இடத்தைக் காட்டி, இந்த முகுளத்தில் நரம்புகள் பெரும்பாலும் பக்கம் மாறிக்கொள்கின்றன, வலக்கையை ஆள்வது இடப்பக்க மூளை, இடக்கையை ஆள்வது வலப்பக்க மூளை என்று கடகடவென்று ஒப்பித்துவிட்டான். டாக்டரம்மா, “சரி” என்றார். அங்கப்பன் பூசாரி உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்தார்.

அப்படியானால் வலக்கை துடித்ததெல்லாம் இடது பக்கத்துச் சொல்லா? சம்மதம் என்று எடுத்துக்கொண்டதெல்லாம் வேண்டாம் என்பதா? போர் போட்டுத் தண்ணி வராமல் புகை மட்டும் பார்த்த நாச்சிமுத்து பூசாரியின் துண்டைப் பிடித்தான். எருமையை விற்றவன் எருமையைத் தேடிப் போனான். அழைக்க வேண்டாம் என்று பிறந்த வீட்டிலேயே விடப்பட்ட மருமகளை அழைத்துவர இரண்டு பேர் ஓடினார்கள், அழைத்து வரப்பட்டவளைத் திரும்ப அனுப்ப இன்னும் இரண்டு பேர் கிளம்பினார்கள். பொழுது சாய்வதற்குள் ஊர் ரெண்டாகிவிட்டது. கை துடித்த பக்கமே வாக்கு என்கிறவர்கள் கைப்பக்கத்தார், மூளை இருக்கிற பக்கமே வாக்கு என்கிறவர்கள் மூளைப்பக்கத்தார். கைப்பக்கத்தார் வீட்டுச் சீருக்கு மூளைப்பக்கத்தார் போகவில்லை, மூளைப்பக்கத்தார் வீட்டு இழவுக்குக் கைப்பக்கத்தார் எட்டிப் பார்க்கவில்லை. ஒரே வீட்டில் அண்ணன் கை, தம்பி மூளை. நாங்கள் ஈயைப் பற்றி அப்போதும் யோசிக்கவில்லை.

சமாதானமாகாமல் வேனை விடமாட்டோம் என்று சொல்லிவிட்டதால் டாக்டரம்மாவும் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் தங்க வேண்டியதாயிற்று. சில நாள் கழித்து ஒரு காலையில் தெய்வாத்தாள் மகளுக்குப் போன் போட்டாள். “வா அம்மிணி. ஊரே அந்த மனுசனக் கேக்குது, நாமளும் கேட்டுப்போடலாம்.”

சசிரேகா வந்தாள். ஒல்லியாக, நடுவகிடு நரைக்கத் தொடங்கி, கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாசல் கேட்டுக்கு வெளியே நின்றாள். புருஷன் மாறன் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு அங்கேயே நின்றான். அவனை அதற்குமேல் வா என்று சொல்ல எங்களில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. கட்டிலை மகள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வாசலுக்கே தூக்கிவந்து போட்டார்கள். இந்தப் பக்கம் கைப்பக்கத்தார், அந்தப் பக்கம் மூளைப்பக்கத்தார். பூபதி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, இரண்டுக்கும் நடுவில் எந்தப் பக்கமும் தாவத் தோதான இடத்தில் நின்றான்.

“ஏனுங்க” என்றாள் தெய்வாத்தாள், கட்டிலைப் பார்த்து. எத்தனையோ வருசம் கூப்பிட்ட அதே குரல். “சசி வந்திருக்குது. உள்ள வரட்டுங்களா?”

இலை அசையவில்லை. சென்னியப்பனின் இரண்டு கண்ணும் வாசல் கேட்டுப் பக்கம் பார்த்தபடி இருந்தன. மூளைக்குக் கீழிருந்து ஒரு நடுக்கம் கிளம்பி, தோள் வழியாக இறங்கி, வலக்கையின் நரம்பு ஐந்து விரலும் துடிதுடியென்று துடித்தது. ஈ எதுவும் இல்லை. நானே பார்த்தேன்.

“சம்மதம்!” என்று கைப்பக்கத்தார் கத்தினார்கள்.

“வலக்கைன்னா எடது மூளை! வேண்டாங்கறாரு!” என்று கத்தியது பூபதி. முந்தின நாள் ராத்திரிவரைக்கும் அவன் கைப்பக்கத்து ஆள்.

சட்டையைப் பிடித்தார்கள், பந்தல் கால் சாய்ந்தது, யாரோ யாருடைய பல்லையோ தேடினார்கள். கடைசியில் ராக்கியண்ணன், “அட சும்மா இருங்கப்பா, படிச்சவங்களக் கேளுங்க” என்று டாக்டரம்மாவை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார். டாக்டரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

“மூளையிலேர்ந்து கைக்கு ஒரு உத்தரவு போயிருக்கு. அது மட்டும் நிச்சயம்” என்றார். “என்ன உத்தரவுன்னு என்னால சொல்ல முடியாது. மகளை வான்னு கூப்பிடவும் அந்தக் கைதான் எழும்பணும், போன்னு விரட்டவும் அந்தக் கைதான் எழும்பணும். ரெண்டுக்கும் இதே நரம்புதான் துடிக்கும். சதை இருந்தாத்தான் கை எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியும்.”

“அப்பச் சதை இல்லாம இவரால ஒண்ணும் பண்ண முடியாதுங்களா?” என்று கேட்டாள் தெய்வாத்தாள்.

“முடியாதும்மா. நரம்பு உத்தரவு போடும். அவ்வளவுதான். செய்யறதுக்கு வேற ஆள் வேணும்.”

தெய்வாத்தாள் தன் ரெண்டு கையையும் விரித்து, புதுசாகப் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள். அடுப்புச் சூட்டில் காய்த்துப்போன கை. வீட்டுக்காரர் தண்ணி என்றால் மொண்டு கொடுத்த கை, சோறு என்றால் போட்ட கை, மகள் மாலையோடு வந்த அன்றைக்கு “கதவைச் சாத்து” என்று அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து சொன்னபோது, எழுந்துபோய்ப் பெற்ற பிள்ளையின் முகத்துக்கு நேராகத் தாழ்ப்பாள் போட்ட கை.

“உசுரோட இருந்தப்பவும் அப்படித்தானுங்க” என்றாள் டாக்டரம்மாவிடம். “சொன்னது அவரு. செஞ்சது பூராம் நாந்தான்.”

சொல்லிவிட்டு விடுவிடுவென்று போய்க் கேட்டைத் திறந்து சசிரேகாவின் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் அந்தப் பெண் குலுங்கிக் குலுங்கி அழுதாள், இவளும் அழுதாள், ஆனால் நிற்கவில்லை. மகளை இழுத்துக்கொண்டே தெருமுனையைப் பார்த்து, “மாப்ள, அங்கென்ன நிக்கறீங்க, வாங்க உள்ள, சோறு ஆறுது!” என்று எட்டு வீட்டுக்குக் கேட்கக் கூப்பிட்டாள். மாறன் வந்தான். கைப்பக்கத்தாரும் மூளைப்பக்கத்தாரும், அத்தனை நாளில் முதல் தடவையாக, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் ஒரே மாதிரி சுளித்துக்கொண்டு பார்த்தார்கள். காலனிக்காரன் வாசப்படி ஏறுவதில் மட்டும் ஊருக்குள் கட்சி இல்லை. ஆனால் அவளைத் தடுக்கச் சொல்லி யாரிடம் வாக்குக் கேட்பது?

மூன்று பேரும் கட்டிலைத் தாண்டிப் போகும்போது சென்னியப்பன் உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் துடித்தார். கட்டிலின் கயிறு கிறீச்சிட்டது. அது கோபமா, அழுகையா, அந்த மனுஷனுக்கே தெரிந்ததோ என்னவோ.

“அம்மா, அப்பா எப்படித் துடிக்கறாரு பாரும்மா!” என்று அலறினான் பூபதி.

தெய்வாத்தாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “துடிக்கட்டும்” என்றாள். “நீ போய் எலை அறுத்துட்டு வா.”